இருபத்தாறுக்குக் கீழே

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மனிதர்கள் "சூப்பரா இருக்கு", "ஜில்லுன்னு இருக்கு", "பேசாம இறங்குங்க" என்று ஏதாவது சொல்வார்கள். அவர் மட்டும் எண் சொல்வார்.

"மேல இருபத்தெட்டரைங்க. மூணு முழத்துல இருபத்தேழரை. ஆறு முழத்துல இருபத்தேழு இருக்குதுங்க."

சொல்லிவிட்டுப் பாறையிலிருந்து எழுவார். துண்டை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் மூக்குக் கண்ணாடியை வைப்பார். கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்ப்பார். பிறகுதான் தண்ணீரில் கால் வைப்பார். நாற்பது நிமிஷம் கழித்து ஏறும்போதும் கடிகாரத்தைப் பார்ப்பார். நடுவில் அவர் நீந்துவதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், எருமை குளத்தைக் கடப்பது போலப் போவார்.

ராசிபுரத்திலிருந்து தம்மம்பட்டிப் பக்கம் போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு சின்ன அணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே நீந்தப் போவோம். குளிக்கக் கூடாது என்று மதகுப் பக்கம் பலகை இருக்கும். நாங்கள் அதைத் தாண்டி, பாறைகள் இருக்கும் ஓரத்துக்குப் போய்விடுவோம். எங்களில் ஒருவர் முட்டை வியாபாரி, ஒருவர் பள்ளிக்கூட பி.டி. வாத்தியார். நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் வேலை பார்க்கிறவன். அவர் குமாரபாளையத்தில் முப்பது வருஷம் சாயப்பட்டறை மாஸ்டராக இருந்துவிட்டு, மனைவியின் ஊரான ராசிபுரத்துக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டிகிரி. அவர் படித்தது எட்டாம் வகுப்பு. "நம்மள்ல டிகிரி முடிச்சவங்க இருக்கலாம், ஆனா டிகிரியைக் கையில வெச்சிருக்கறவர் அவர் ஒருத்தர்தான்" என்று பி.டி. வாத்தியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவரும் கூடச் சிரிப்பார், ஒவ்வொரு தடவையும்.

அவருடைய கருவி ஒரு தூக்குப்போசி, பால் வாங்கப் போகிற மூடி போட்ட பாத்திரம். மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, உள்ளே சாயப்பட்டறைத் தெர்மாமீட்டரை நிறுத்தி, அடியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டியிருந்தார். நைலான் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. பாறை நுனியில் உட்கார்ந்து அதை இறக்கி, முடிச்சுகளை எண்ணி, மூன்று நிமிஷம் காத்திருந்து, வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். அந்த ஆழத்துத் தண்ணீர் போசிக்குள் அப்படியே வந்துவிடும். ஏன் மூன்று நிமிஷம் என்று ஒருநாள் கேட்டேன்.

"சட்டுனு எடுத்தா அது பொய் சொல்லுமுங்க. அதுக்கும் யோசிக்க நேரம் வேணுமில்லீங்களா?"

எங்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தது அவருக்குக் கட்டாயமாக இருந்தது. இருதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நீந்தலாம், ஆனால் குளிர்ந்த தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் விடவில்லை.

"எத்தனை டிகிரிக்குக் கீழ போனா குளிருங்க டாக்டர்?"

டாக்டரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இவரைப் பார்த்திருக்கிறார். "இருபத்தாறுன்னு வெச்சுக்கங்க" என்றாராம். இவர் வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியும் வைத்துக்கொண்டார்.

"ஒரு நாளு இருபத்தாறுக்குக் கீழ இறங்குனீங்கன்னு தெரிஞ்சா, அன்னையோட உங்க நீச்சல் முடிஞ்சுதுங்க. இப்பவே சொல்லிப்போட்டேன்" என்று அந்த அக்கா டாக்டர் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். இவர் சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். இதை எங்களிடம் சொன்னது அந்த அக்காதான். எட்டு மணிவாக்கில் மொபெட்டில் சுக்குக் காப்பி கொண்டுவருவார். எங்கள் எல்லோருக்கும் ஊற்றுவார்.

"இவருகிட்டப் போயி எதையாச்சும் நல்லாயிருக்கான்னு கேட்டுப் பாருங்க சாமி. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கட்டிக்கிட்டு வந்து நின்னேன். கரைப் பக்கம் சாயம் சரியா ஏறலைங்கறாரு."

"ஏறலைங்க" என்றார் அவர், காப்பியை ஊதிக்கொண்டே.

அவருக்கு நீச்சல் எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு சித்திரை மாதம், நாங்கள் இருவர் மட்டும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"முப்பது வருஷம் கொதிக்கிற தொட்டி முன்னாடி நின்னேனுங்க தம்பி. அந்த ஆவியிலயே மூச்சு வாங்கி, அந்த ஆவியிலயே சோறு தின்னு. பச்சத்தண்ணியில முங்கி எந்திரிக்கோணும், அது ஒண்ணுதான் ஆசை. இப்பத்தான் கிடைச்சிருக்குது. மத்ததெல்லாம் போனாப் போகுதுங்க."

அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் ஆசை என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

அவரால்தான் எங்களுக்கு அந்தத் தண்ணீரின் குணம் தெரிந்தது. சித்திரை வைகாசியில் மேலே இரண்டு முழம் மட்டும் சூடு. முப்பத்தொன்று வரை போகும். நேராக நின்று காலைத் தொங்கவிட்டால் கணுக்காலில் வேறு தண்ணீர் தட்டுப்படும். ஆடியில் காற்று அடித்துக் கலக்கிவிடும், மேலும் கீழும் ஒரே எண். அவருக்கு மிகவும் பிடித்த மாதம் அது. "எங்க கேட்டாலும் ஒரே பதில் சொல்லுதுங்க" என்பார். ஐப்பசியில் மலையில் மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் செம்மண்ணாக வந்து சேரும். அது குளிர்ந்தது, கனமானது. மேலே நிற்காமல் அடியில் நுழைந்து போய்விடும். மேலே தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குகிறவன் ஏமாந்துபோவான். கார்த்திகையில் எண் இருபத்தாறுக்குக் கீழே இறங்கும். அதிலிருந்து மாசி முடிய அவர் நீந்த மாட்டார்.

நீந்த மாட்டார், ஆனால் வருவார். ஒரு ஞாயிறும் தவறாது. காதோடு மப்ளரைச் சுற்றிக்கொண்டு, போசியை இறக்கி, எண்ணைச் சொல்லிவிட்டுப் பாறையில் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் மேல்தண்ணீர் இருபத்தைந்தே முக்கால்.

"கால் டிகிரிதானுங்ணா. உள்ள கையை விட்டுக் கலக்குங்க, ஏறிக்கும்" என்றார் முட்டை வியாபாரி.

அவர் சிரித்தார். மப்ளரை இறுக்கிக்கொண்டார். நாங்கள் நீந்தி முடிக்கும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குணம் தண்ணீரோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. முட்டை வியாபாரி தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். அந்தப் பையன் வீடு டிகிரியின் தெருவிலேயே இருந்தது. "பையன் எப்படிங்ணா? மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"ரெண்டு தடவை பார்த்திருக்கேனுங்க. ரெண்டு தடவையும் சிரிச்சாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

முட்டை வியாபாரிக்கு முகம் சுருங்கிப்போனது. நல்ல பையன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று எங்களிடம் வந்து பொருமினார். கல்யாணம் நடந்தது, பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். பையன் சிரித்த முகம்தான் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

என் முறையும் வந்தது. ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை எங்கள் பட்டறையில் ஒரு லாரி பெயிண்ட் முடிந்து நின்றது. வண்டிக்காரர் சாவியை வாங்க வந்திருந்தார். அவசர வேலை, முதல்நாள் சாயங்காலம்தான் கடைசிப் பூச்சு அடித்திருந்தேன். ஏதோ காரியமாக நாமக்கல் வந்த டிகிரி, என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே வந்தார். வண்டி எப்படி என்று நான்தான் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது. அவர் கதவோரம் புறங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"உள்பூச்சு இன்னும் காயலீங்க தம்பி."

வண்டிக்காரர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். வண்டி நாலு நாள் கழித்துத்தான் போயிற்று. முதலாளி என்னைப் பிடித்து வாங்கிவிட்டார். டிகிரி சொன்னது உண்மை என்பதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

அந்த ஆத்திரத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை அணைக்குப் போனேன். நல்ல பனி. மற்றவர்கள் யாரும் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. அவர் மட்டும் பாறையில் உட்கார்ந்து போசியை இறக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் முழுவதும் வெள்ளை வெள்ளையாக ஆவி பறந்துகொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணற்று நீச்சல்தான். தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள், இரண்டு கோடையில் மேலிருந்து குதிக்கிற அளவுக்கு வந்துவிடுவோம். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரில் ஆவி பறக்கும். குதித்தால் வெதுவெதுவென்று இருக்கும், ஏறவே மனசு வராது. ஆவி பறந்தால் தண்ணீர் சூடு என்பது எங்கள் உடம்பிலேயே ஊறிப்போன கணக்கு.

"சூடா இருக்குது பாருங்க, ஆவி பறக்குது" என்றேன் சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"காத்தை விடச் சூடுங்க. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். சித்த இருங்க தம்பி, மூணு நிமிஷம்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் மூணு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குதித்தேன்.

மூச்சு அப்படியே நின்றுவிட்டது. கிணறு ஊற்றுத் தண்ணீர், பூமிக்குள் இருந்து வருவது. இது பத்துப் பதினைந்து நாளாகப் பனியில் கிடந்த தண்ணீர். திரும்பி ஏறியிருக்கலாம். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற வீம்பு. எழுபது எண்பது கஜ தூரத்தில் தண்ணீருக்குள் ஒரு பட்டுப்போன வேலமரம் நின்றது. அதைத் தொட்டுவிட்டு வருவது என்று கை போட்டேன். மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நிமிர்ந்து நிற்கப் பார்த்தேன், கால் அடித்தண்ணீருக்குள் போனது. அது இன்னும் குளிர். இரண்டாவது காலும் இழுத்துக்கொண்டது.

கிணற்றில் நீந்தியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் பத்துப் பதினைந்து கை போட்டால் சுவர் வரும். கல் இடுக்கில் விரலை விட்டுத் தொங்கிக்கொள்ளலாம். என் கை தானாகச் சுவரைத் தேடியது. பக்கவாட்டில் துழாவினேன், பின்னால் துழாவினேன். துழாவத் துழாவ உள்ளே போனேன். தண்ணீர் குடித்தேன். "அண்ணா" என்று ஒரே ஒரு தடவைதான் கத்த முடிந்தது.

கரை தெரிந்தது. அவர் எழுந்து நின்று போசியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கீழே வைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். சாகப்போகிற நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதர் இப்போது கூட மணி பார்க்கிறாரே என்று. ஆனால் துண்டை அவர் மடிக்கவில்லை. மப்ளரோடு, சட்டையோடு இறங்கினார்.

அதே எருமை நீச்சல்தான். அவசரப்படவில்லை. பக்கத்தில் வந்ததும் நான் அவர் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தேன். கை எட்டாத தூரத்தில் மிதந்துகொண்டு பேசினார்.

"மல்லாக்கப் படுங்க தம்பி. சுவத்தைத் தேடாதீங்க. இங்க சுவர் இல்லீங்க."

எப்படியோ படுத்தேன். பின்னால் வந்து பனியனின் கழுத்தைச் சேர்த்துப் பிடித்தார். இழுத்துக்கொண்டு போனார். வெள்ளை வானம் தெரிந்தது. காதோரம் அவர் மூச்சு கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் அந்த மூச்சில் ஒரு விசில் சத்தம் சேர்ந்துகொண்டது. என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேனா, விட்டுவிடாதீர்கள் என்று நினைத்தேனா, இரண்டாவதுதான். இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அடுத்து எனக்குத் தெரிந்தது முதுகுக்கடியில் கூழாங்கல். குப்புறத் திரும்பி வாந்தி எடுத்தேன். அவர் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, தன் நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். பேசக் கூடாது என்று தலையை ஆட்டினார். எண்ணி முடித்துவிட்டு, "எச்சாத்தான் இருக்குது. இறங்கிரும்" என்றார்.

அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு ஊருக்குள் போவேன் என்று பயமாக இருந்தது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அவர் மூச்சு அடங்கியது. உதட்டில் நிறம் வந்தது. அப்போதுதான் மேலே ரோட்டில் மொபெட் சத்தம் கேட்டது.

அந்த அக்கா காப்பித் தூக்கோடு இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். சட்டை, மப்ளர் எல்லாம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தார். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் திரும்பினார்.

"தண்ணி எப்படி இருந்துச்சுங்க சாமி?"

எனக்கு எல்லாம் புரிந்தது. இந்த ஒரு பதிலில்தான் அவருடைய பச்சத்தண்ணீர் இருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை.

"வெதுவெதுன்னுதான் இருந்துச்சுங்கக்கா. இருபத்தேழு இருந்துச்சு. இப்பத்தான் அண்ணன் அளந்தாரு. நான் கால் வழுக்கி விழுந்துட்டேன், அண்ணன் கரையோரமா நின்னு கை குடுத்தாரு."

அந்த அக்கா முகம் கொஞ்சம் தளர்ந்தது. நம்பத் தயாராக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நம்ப ஆசைப்பட்டார் என்றும் சொல்லலாம். துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டப் போனார்.

"மேல இருபத்திமூணுங்க" என்றார் அவர். "ஆறு முழத்துல இருபத்தொண்ணு."

துவட்டப்போன கை நின்றது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். "நடு அணையில மரத்துகிட்டப் போயித்தான் தம்பியைக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தாரு?" இதையும் அந்த அக்கா என்னிடம்தான் கேட்டார். இந்தத் தடவை பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"பத்து நிமிஷம் இருக்குமுங்கக்கா."

"பன்னெண்டுங்க" என்றார் அவர்.

அந்த அக்கா கையிலிருந்த துண்டாலேயே அவர் தோளில் அடித்தார். ஒரு அடி, இரண்டு அடி. அவர் நகராமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது அடிக்கு அந்த அக்காவால் கையை ஓங்க முடியவில்லை. அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தை எடுக்காமலே, "இன்னையோட முடிஞ்சுதுங்க" என்றார்.

"சரிங்க" என்றார் அவர்.

அந்த அக்கா வண்டியை எடுக்க மேலே போனபோது நான் அவரிடம் சண்டைக்கே போனேன். இருபத்தேழு என்றால் இருபத்தேழாக இருந்துவிட்டுப் போகட்டுமே, நான்தான் சொன்னேன், பாவம் என் தலையில்தானே என்றேன்.

"மார்கழியில இருபத்தேழுன்னு அவ நாலு பேருகிட்டச் சொல்லுவா தம்பி. நான் அளந்தேன்னு சொல்லுவா. அதை நம்பி எவனாச்சும் வந்து குதிச்சா?"

என்னைப் போல ஒருவன் என்று அவர் சொல்லவில்லை.

ராசிபுரம் ஆஸ்பத்திரியில் இருவரையும் பார்த்தார்கள். அவர் இருதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் மறுபடி தண்ணீரில் இறங்கவில்லை. சித்திரை வந்தது, மேல்தண்ணீர் முப்பத்தொன்று காட்டியது. முட்டை வியாபாரி அந்த அக்காவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார். நானும் போய் நின்றேன். அந்த அக்கா கொஞ்சம் இறங்கியும் வந்தார். "அவர்தானுங்க மாட்டேங்கறாரு, வாக்குன்னா வாக்குங்கறாரு" என்றார். அவருடைய நீச்சலை நான்தான் பறித்துவிட்டேன். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஞாயிறுதோறும் வந்தார், போசியை இறக்கினார், எண்ணைச் சொன்னார். நான் மூன்று நிமிஷமும் காத்திருந்துதான் இறங்கினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் மகளோடு இருக்க ஓசூர் போய்விட்டார்கள். அந்தக் காலையைப் பற்றி நான் யாரிடமாவது சொன்னால், கேட்கிறவர்கள் இருபத்தேழைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பன்னிரண்டு. பத்து நிமிஷம் என்று நான் சொன்னது பொய்யில்லை. நினைவு இருந்தவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி இரண்டு நிமிஷம் என் பனியன் கழுத்தைப் பிடித்திருந்தவருக்குத்தான் தெரியும்.